முப்பது தாலந்து பொன்

நேயர்களுக்கு வணக்கம். நான் வரலாறு கற்பித்த ஆண்டுகளில், வகுப்பு முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, பைபிளில் உள்ளவை எல்லாம் உண்மையிலேயே நடந்தவையா?" என்று கேட்காத மாணவர் தொகுதியே இருந்ததில்லை. நடந்தவைதாம் என்று அடித்துச் சொல்வாரும், கட்டுக்கதை என்று ஒதுக்குவாரும், முழு மூட்டையையும் ஒரே தடவையில் தராசில் ஏற்றப் பார்க்கிறார்கள். வரலாற்று மாணவனுக்கு அது ஆகாது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியே எடுத்துத்தான் நிறுக்க வேண்டும். அப்படி நிறுத்துப் பார்க்கத் தோதான நிகழ்ச்சி ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கி.மு. 701ஆம் ஆண்டு. யூதா நாட்டு அரசன் எசேக்கியா கப்பம் கட்ட மறுத்ததால், அசீரியப் பேரரசன் சனகெரிப் படையெடுத்து வருகிறான். பைபிளில் இரண்டாம் இராஜாக்கள் நூலும் ஏசாயா நூலும் இதை விரிவாகச் சொல்கின்றன. சனகெரிப் அரணான பட்டணங்களைப் பிடித்தான், லாகீஸ் என்ற யூதா நகரில் தங்கினான், எசேக்கியா முப்பது தாலந்து பொன்னும் முந்நூறு தாலந்து வெள்ளியும் கொடுத்தான் (தாலந்து என்பது அக்கால எடை அளவு), ஆயினும் எருசலேம் முற்றுகைக்கு உள்ளாயிற்று, ஓர் இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேரை அடித்தான், சனகெரிப் தன் தலைநகரான நினிவேக்குத் திரும்பிப் போனான். இது ஒரு தரப்பின் வாக்குமூலம்.

மறு தரப்பின் வாக்குமூலமும் நம்மிடம் இருக்கிறது என்பதுதான் இந்த வழக்கின் சிறப்பு. 1830இல் நினிவேயில் கிடைத்த, ஆறு பட்டைகள் கொண்ட சுட்ட களிமண் தூண் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறக்குறைய ஒரு முழ உயரந்தான் இருக்கும். அதன் பட்டைகளில் ஆப்பு வடிவ எழுத்துகளில் சனகெரிப் பேசுகிறான்: எசேக்கியாவின் அரணுள்ள 46 நகரங்களைப் பிடித்தேன், அவனைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்தேன், முப்பது தாலந்து பொன்னும் எண்ணூறு தாலந்து வெள்ளியும் பெற்றேன் என்கிறான்.

நம் வீட்டுக் கல்யாணங்களில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மனம் முறிந்து நின்ற பிறகு, சீர் பற்றி இரு தரப்பையும் தனித்தனியே விசாரித்துப் பாருங்கள். வெள்ளிப் பாத்திரங்களின் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. ஆனால் நகை முப்பது பவுன் என்பதை, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இருவருமே சொன்னால், அந்த முப்பது பவுனை நம்பலாம். பொன்னில் ஒத்துப்போய் வெள்ளியில் வேறுபடும் இந்த இரண்டு சாட்சிகளை நான் அப்படித்தான் பார்க்கிறேன். வெள்ளியைக் கூட்டிச் சொன்னது அசீரிய எழுத்தனா, குறைத்துச் சொன்னது எபிரேய எழுத்தனா என்பது எனக்குப் பெரிதில்லை. எல்லாக் கணக்கும் ஒத்திருந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களோ என்ற ஐயமே எழுந்திருக்கும்.

அதைவிடக் கனமானது சனகெரிப் சொல்லாமல் விட்டது. எருசலேமைப் பிடித்தேன் என்று அவன் எங்கும் சொல்லவில்லை. பிடித்த ஊரையெல்லாம் எண்ணிச் சொல்லும் அரசன், தலைநகரை மட்டும் கூண்டு, பறவை என்று உவமை சொல்லிக் கடந்துபோகிறான். தற்புகழ்ச்சிக்காரன் எங்கே உவமைக்குத் தாவுகிறானோ அங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

நான் பலமுறை பேசி நண்பர்களைச் சலிப்படையச் செய்த செய்தி ஒன்று உண்டு. அதை விட்டுவிட மனம் வரவில்லை. லாகீஸ் என்ற பெயர் அந்தக் களிமண் தூணில் இல்லை. ஆனால் 1840களில் லேயார்டு என்பவர் நினிவே அரண்மனையைத் தோண்டியபோது, ஓர் அறையின் சுவர்கள் முழுவதும் லாகீஸ் முற்றுகை புடைப்புச் சிற்பமாக வெளிப்பட்டது. சரிவில் முற்றுகைப் பொறிகள் ஏறுகின்றன. மதிலிலிருந்து எரியும் பந்தங்கள் விழுகின்றன. பொறி தீப்பிடிக்காதபடி ஒரு வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். தோற்ற மக்கள் மாட்டு வண்டியில் மூட்டைகளோடு வெளியேறுகிறார்கள். அரியணையில் அமர்ந்திருக்கும் சனகெரிப்பின் முகத்தைப் பிற்காலத்தில் யாரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவு சிற்பியின் கற்பனை அன்று. லாகீஸ் மேட்டின் தென்மேற்கு மூலையில், கல்லைக் கொட்டி எழுப்பிய முற்றுகைச் சரிவும், அம்பு முனைகளும், கவண்கற்களும் டேவிட் உசிஷ்கின் தலைமையில் நடந்த அகழாய்வில் தெளிவாயின. ஏடு, சிற்பம், மண் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாராமல் ஒரே ஊரைக் காட்டுகின்றன.

அப்படியானால் அந்த ஓர் இரவு? இங்கே என் தராசு நின்றுவிடுகிறது. படை எருசலேமைப் பிடிக்காமல் திரும்பியது என்பது வரை சான்று உண்டு. ஏன் திரும்பியது என்பதற்கு இல்லை. எகிப்தில் பெலூசியம் என்ற இடத்தில் சனகெரிப்பின் படையினரின் வில் நாண்களை எலிகள் கடித்துத் துண்டித்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வதை வைத்து, பாளயத்தில் கொள்ளைநோய் பரவியது என்று விளக்குவாருண்டு. இரண்டரை நூற்றாண்டு பிந்திய கதை அது, இடமும் வேறு, நோய் என்ற பேச்சே அதில் கிடையாது. விசுவாசத்துக்கு முட்டுக் கொடுக்கவோ, அதைக் கவிழ்க்கவோ, இத்தகைய சான்றை நான் எடுத்தாள மாட்டேன். தூதனைத் தோண்டி எடுக்கவும் முடியாது, தோண்டிக் கிடைக்கவில்லை என்று மறுக்கவும் முடியாது.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். எசேக்கியா தண்ணீரை எருசலேம் நகருக்குள் கொண்டுவந்ததாகப் பைபிள் சொல்வதோடு பலரும் இணைத்துப் பார்க்கும் சுரங்கத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஏறத்தாழ 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். 1880இல் அதனுள் கிடைத்த கல்வெட்டு, இரு முனைகளிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் பாறைக்கு அப்பால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதைக் கூறுகிறது. எசேக்கியாவின் பெயரோ, வேறெந்த அரசனின் பெயரோ அதில் இல்லை. வணக்கம்.