பக்கத்து ஃபோல்டருக்குப் போன திருத்தம்

நேயர்களுக்கு வணக்கம். கணினித் துறையில் இல்லாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற கணக்கு வேண்டும். இன்று பெரும்பாலோர் அதற்குப் பயன்படுத்துவது கிட். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வேலைக்குக் கைகொடுத்த பிட்கீப்பர் என்ற இதே மாதிரிக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி போய்விட்டதால், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது இது. மெர்க்குரியல் என்ற இன்னொரு கருவியும் அதே மாதம்தான் வந்தது. பழைய கருவிகள் பலவற்றில் முழு வரலாறும் சர்வரில் மட்டும் இருக்கும். இவற்றில் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். அந்த முழுப் பிரதிதான் குளோன்.

ஆளுக்கு ஒன்று சரி. என் கணினியில் ஒரே திட்டத்துக்கு மூன்று குளோன் வைத்திருக்கிறேன். ‘வேலை’, ‘அவசரம்’, ‘சோதனை’ என்று மூன்று ஃபோல்டர்கள்.

ஏன் என்று கேட்டால், பாதி வேலையில் வரும் போன்தான் காரணம். இருபது கோப்புகளைப் பிரித்துப் போட்டிருப்பேன், எதுவும் ஓடாத நிலை. அப்போதுதான் பில்லில் கூட்டல் தப்பாக வருகிறது, உடனே பாருங்கள் என்பார்கள். ஸ்டாஷ் செய்யலாமே, அதாவது பாதி வேலையைக் கிட்டிடமே ஒதுக்கி வைக்கச் சொல்லலாமே என்பீர்கள். செய்யலாம். அது அவசரத்துக்குச் சாமானைச் சுருட்டிப் பரணில் போடுவது மாதிரி. என் பரணில் எட்டு மூட்டை கிடந்தது, எதில் என்ன என்று எனக்கே தெரியவில்லை. பிராஞ்ச், அதாவது அதே திட்டத்தின் தனிக் கிளை, மாறினால் இன்னொரு தொல்லை: மாறிய கோப்புகளையெல்லாம், எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் மறுபடி முதலிலிருந்து பார்க்கும். தனி ஃபோல்டர் இருந்தால் ‘வேலை’யை அப்படியே விட்டுவிட்டு ‘அவசர’த்தில் போய் உட்காரலாம்.

டிஸ்க் நிறைந்துவிடாதா? அதே டிஸ்க்கில் இருக்கும் பாதையைக் கொடுத்துக் குளோன் எடுத்தால், கிட் வரலாற்றுக் கோப்புகளை நகலெடுப்பதில்லை. ஹார்ட்லிங்க் போடுகிறது, அதாவது ஒரே கோப்புக்கு இரண்டு ஃபோல்டரிலும் பெயர் வைக்கிறது. எழுதிய வரலாற்றுக் கோப்பைக் கிட் பிறகு திருத்துவதில்லை என்பதால் இது ஆபத்தில்லாமல் நடக்கிறது. கூடுதலாக இடம் பிடிப்பவை நாம் திறந்து வேலை செய்யும் கோப்புகள் மட்டுமே. ஆனால் இதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். அந்த ஒரு கோப்பு கெட்டால் இரண்டு குளோனிலும் கெட்டதுதான்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஒரு நாள் ‘வேலை’யிலிருந்தே ‘அவசர’த்தைக் குளோன் எடுத்தேன். பில் தவறைப் புது பிராஞ்ச்சில் திருத்தி புஷ் செய்தேன், அதாவது அனுப்பினேன். திரையில் எந்தக் குறையும் இல்லை. போய்விட்டது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், “இங்க ஒண்ணும் வரலையே” என்கிறார் சர்வரைப் பார்ப்பவர். அரைமணி நேரம் நெட்வொர்க்கைத் திட்டினேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கிருந்து குளோன் எடுக்கிறோமோ அதுதான் ஆரிஜின், புஷ் செய்தால் போய்ச் சேரும் இடம். என் திருத்தம் சர்வருக்குப் போகவே இல்லை, பக்கத்து ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே திறந்திருக்கும் பிராஞ்ச்சுக்கே புஷ் செய்திருந்தால் கிட் மறுத்திருக்கும். நான் அனுப்பியது புது பிராஞ்ச், பேசாமல் வாங்கிக்கொண்டது.

அப்புறம் இன்னொன்று. அந்தத் திட்டத்துக்கென்று நான் வைத்திருந்த அலுவலக மின்னஞ்சல் முகவரி, கமிட்டுக்கு, அதாவது மாற்றத்தை வரலாற்றில் பதிவதற்கு, முன் ஓடும் ஹுக் என்ற குட்டி நிரல், கிட்டில் சேர்க்காமல் கடவுச்சொல் வைத்திருந்த கோப்பு, எதுவுமே குளோனில் வராது. கமிட்டில் என் சொந்த முகவரி பதிந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

2015 ஜூலையில் வந்த கிட் 2.5-லிருந்து, ஒரே திட்டத்துக்குப் பல ஃபோல்டர் வைத்துக்கொள்ள வொர்க்ட்ரீ என்ற வசதி இருக்கிறது. வரலாறு ஒன்றுதான், வேலை செய்யும் ஃபோல்டர்கள் பல. ஒன்றில் போட்ட கமிட் அடுத்ததில் அப்போதே தெரியும், ஆரிஜின் குழப்பமும் கிடையாது. ஒரே பிராஞ்ச்சை இரண்டு இடத்தில் திறக்க மட்டும் சாதாரணமாக விடாது. அவசரத் திருத்தத்துக்கு அதுவே நல்லது என்பேன். விபரீதமாக எதையாவது செய்துபார்க்க எனக்குத் தனிக் குளோன்தான் வேண்டும். மொத்தமாக அழித்தாலும் மற்ற ஃபோல்டர்களில் ஒன்றும் ஆகாது.

இப்போதெல்லாம் குளோன் எடுத்ததும் ‘கிட் ரிமோட் ஹைஃபன் வி’ என்று அடித்து ஆரிஜினின் முகவரியைப் பார்த்துவிடுகிறேன். வானொலியில் கட்டளை வாசிப்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ‘அவசரம்’ ஃபோல்டருக்கு, கட்டளை அடிக்கும் டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன். கண் கூசுகிறது என்று பக்கத்து மேசைக்காரர் தினமும் முணுமுணுக்கிறார்.