சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு என்பதால் வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்; பெயர் சொல்லி நன்றி கூற வேண்டியவர்களுக்கு மேடையை விட்டு இறங்கியதும் தனித்தனியே கூறிவிடுகிறேன்.

மலேசியத் தோட்டத் தமிழரைத் தலைநிமிர வைத்தது கல்வியா, ஒன்றுபட்ட போராட்டமா என்பது இன்றைய தலைப்பு. நான் போராட்ட அணி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கல்வி அணியில் அல்லவா அமர்ந்திருக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் வியந்தார். ஐயா, சம்பளம் வரும் இடத்துக்காகத்தான் வாதாட வேண்டும் என்றால், செம்பனை ஆலையில் கணக்கெழுதும் நீங்கள் இங்கே சமையல் எண்ணெய்க்காக அல்லவா வாதாட வேண்டும்?

அவர் நிறையப் பேசினார். பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பைச் சொன்னார், இருநூறு ஆண்டுப் பெருமையைச் சொன்னார், அதற்கெல்லாம் நீங்கள் கை தட்டவில்லை. ஒரே ஒரு கேலிக்குத்தான் மண்டபம் அதிர்ந்தது. "1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. சைக்கிளுக்குப் போராடியவர்களா சமுதாயத்தை உயர்த்தினார்கள்?" என்றார். நடுவர் அவர்களே, நான் எழுதிக்கொண்டு வந்த உரை பையிலேயே இருக்கட்டும். இனி நான் சைக்கிளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் தாத்தா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த நிலத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது, அங்கே வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். தாத்தா தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். மாலை நேரத்தில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து 'தமிழ் நேசன்' செய்தித்தாளை உரக்கப் படித்தால், சுற்றி இருபது பேர் கேட்பார்கள். எதிரணி இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அவர் படித்தவர். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னர் அவர் ஒரு பழைய ராலே சைக்கிளை வாங்கினார். அதற்கு மணி இருந்தது, விளக்கு இருந்தது, பிரேக் மட்டும் இல்லை.

தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி, பாதையை விட்டு விலகி, தலை குனிந்து நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். துரைக்கு மட்டுமன்று, தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கும் இறங்க வேண்டும். ஒருநாள் பால் கொட்டகையிலிருந்து கோயிலுக்கு இறங்கும் செம்மண் சரிவில் தாத்தா வந்துகொண்டிருக்கிறார். கீழிருந்து துரை ஏறி வருகிறார். தாத்தா சொல்லும் கதையில், அவர் நெஞ்சை நிமிர்த்தி, மணியை அடித்து, துரையைக் கண்ணுக்குக் கண் பார்த்தபடியே கடந்து போனார்.

பாட்டி சொல்லும் கதை வேறு. "ஒங்க தாத்தா நெஞ்ச நிமிர்த்தல, கண்ண மூடிக்கிட்டாரு" என்பார். இறங்கத்தான் பார்த்தாராம், பிரேக் இல்லாததால் இறங்க முடியவில்லையாம், துரைதான் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு விலகி நின்றாராம். வெள்ளைக்காரன் விலக, கறுப்பன் சைக்கிளில் போன முதல் நாள் அதுதான் என்று பாட்டி சிரிப்பார். என் சித்தப்பாவோ இரண்டையும் மறுப்பார். தாத்தா குதித்து இறங்கிவிட்டார், சைக்கிள்தான் நிற்கவில்லை. அது தனியாகவே உருண்டு போய்த் துரையின் காலடியில் விழுந்து கும்பிட்டது என்பது அவருடைய வாதம். தோட்டத்தில் துரைக்குக் கும்பிடு போடாமல் எதுவும், இரும்பு உட்பட, தப்ப முடியாது என்று அவர் முடிப்பார்.

மூன்று கதைகளுக்கும் முடிவு ஒன்றுதான். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசையில், கங்காணி எல்லார் பெயரையும் கூப்பிட்டார், தாத்தாவின் பெயரைக் கூப்பிடவில்லை. பால் சுமக்கும் காண்டா வாளியைத் தோளில் மாட்டியபடி, விளக்கு வெளிச்சத்தில் அவர் கடைசி ஆள் போகும் வரையில் நின்றிருக்கிறார். ஒரு வாரத்துக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. இப்போது கேட்கிறேன்: நான்காம் வகுப்பு அவரைக் காப்பாற்றியதா? செய்தித்தாள் படிக்கத் தெரிந்த அந்த மனிதர், வேலை திரும்பக் கிடைத்ததும், எழுத்து தெரியாதவரைப் போலவே துரையைக் கண்டால் இறங்கி நின்றார். போர் முடிந்து தோட்டந்தோறும் சங்கங்கள் முளைத்த பிறகுதான், அதே சரிவில், அதே சைக்கிளில் அவர் உட்கார்ந்தபடியே போனார். அப்போதும் பிரேக் இல்லை.

இனி, எதிரணித் தலைவர் படித்துக் காட்டாத மிச்சப் பட்டியல். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், எங்கள் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும், முறையான மருத்துவம் வேண்டும் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதே தாளில், சைக்கிள் இருக்கும் அதே வரிசையில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கல்வி அணிக்குத் தலைமை தாங்குபவர் தாளைப் பாதி வரைதான் படித்திருக்கிறார் என்பதை நான் ஓர் ஆசிரியை என்ற முறையில் வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பள்ளி இருந்ததே என்பார். இருந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காக லயத்தின் மூலையில் ஒரு கொட்டகை போட்டார்கள், பல இடங்களில் கிராணியோ கங்காணியோ வாத்தியார் ஆனார், பிள்ளைகள் கொஞ்ச நேரம் எழுத்துக் கூட்டிவிட்டு அம்மாவுக்கு உதவியாக மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போனார்கள். தோட்டத்துக்கு அடுத்த தலைமுறை வெட்டுக்காரர் வேண்டியிருந்தது; அதற்கு நான்காம் வகுப்பே அதிகம். அதைத் தாண்டி ஒரு பள்ளி வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்கள்தாம் கிள்ளானில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதனை 1941 மே மாதம் பிடித்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தத்தை அடக்க இந்தியப் படையையே கொண்டுவந்தார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கேலி செய்யும்போது அந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இது அதைத் தொடங்கிய துன் சம்பந்தனின் ஊர். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, தொழிலாளரிடம் பணத்தைப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் காட்டியது பட்டமா, கூட்டமா? மேலே போகிறேன்.

என் தாயார் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். முட்டி வலி என்பதால் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன். தோட்டப் பள்ளியை முடித்ததும் பட்டணத்துப் பள்ளிக்குப் போக அவருக்கு வழியில்லை. பேருந்து பெரிய சாலையில்தான் வரும், அதுவரை கித்தா எனும் ரப்பர் மரக் காட்டுக்குள் நடக்க வேண்டும். புல் வெட்டப் பெயர் கொடு என்றது தோட்ட அலுவலகம். அப்போது லயத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு காலையில் வாளியைத் தூக்க மறுத்தார்கள். காலையில் பட்டணத்துக்குப் போகும் தோட்ட லாரியில் பிள்ளைகளையும் ஏற்ற வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. சில நாள் கூலி போனது, பிறகு லாரி கிடைத்தது. என் தாயார் அந்த லாரியில் போய்ப் படித்தார். சட்டையெல்லாம் ரப்பர் பால் நாற்றம் என்று கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தார்களாம். அவர் படித்ததால் நான் படித்தேன். இதைக் கல்வியின் வெற்றி என்று எதிரணி எடுத்துக்கொள்ளும், தெரியும்.

ஆனால் அந்தப் பெண்களின் வரிசையில் ஒருவர் நின்றார். லயத்தில் எல்லாருக்கும் அவர் அத்தை. கணவர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். பிள்ளை இல்லை. லாரி வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூலி போனால் அடுப்பு எரியாது. வாழ்நாள் முழுதும் சம்பளத் தாளில் கைநாட்டு வைத்த அந்த அத்தை, யாரோ ஒருத்தியின் மகள் பள்ளிக்கூடம் போவதற்காகத் தம் வாளியைக் கீழே வைத்தார். அதை அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவர் எனக்குச் சொல்லட்டும். நடுவர் அவர்களே, இப்போது நீங்கள் மணியை அடிக்கலாம்.