கூரைக்குக் கீழே ஒரு பெண்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய மொழி படிக்கப் போனால் முதல் நாளே ஓர் எழுத்து அட்டவணையைக் கையில் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அ, இ, உ, எ, ஒ. அடுத்தது க, கி, கு, கெ, கொ. அப்புறம் ச வரிசை, த வரிசை, ந வரிசை, பிறகு ஹ, ம, ய, ர, வ. அன்றைக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்து க, ங, ச, ஞ என்று நாம் சொன்ன அதே வரிசை. ஜப்பானியரிடம் இல்லாத எழுத்துகளை அதிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ.

அவர்களிடம் ‘ப’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். பழைய ஜப்பானியத்தில் அங்கே ‘ப’தான் இருந்தது. நம்முடைய பால், கன்னடத்தில் ஹாலு ஆனதே, அதே மாதிரி அங்கேயும் காலப்போக்கில் ‘ப’ தேய்ந்து ‘ஹ’ ஆகிவிட்டது.

இது தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு மந்திரங்களும் போயின. மந்திரத்தைப் பிழையில்லாமல் உச்சரிக்க வேண்டும் என்பதற்காக ஜப்பானியத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்தார்கள். தொண்டையில் தொடங்கி உதட்டில் முடிகிற நம் நாட்டு ஒலி வரிசை அவர்களுக்குப் பிடித்துப்போனது. 11-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் எழுத்துகளை அவர்கள் அப்படி அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஓனோ சுசுமு என்ற அறிஞர் சொன்னது உங்களில் பலருக்கு நினைவுக்கு வரலாம். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் சொல்வது அதுவல்ல. துறவிகள் வழியாகப் போய்ச் சேர்ந்த எழுத்து வரிசையை மட்டும்தான் சொல்கிறேன்.

வரிசை துறவிகளுடையது. ஆனால் அந்த எழுத்துகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் வேறு. அவர்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஜப்பானியருக்குச் சொந்த எழுத்து இருக்கவில்லை. சீன எழுத்தைத்தான் வாங்கிக்கொண்டார்கள். அதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்ந்து நீளும். நம்முடைய ‘வந்திருக்கமாட்டாளோ’ என்ற ஒரே சொல்லில் எத்தனை ஒட்டு இருக்கிறது, பாருங்கள். சீனத்தில் இந்தச் சங்கதியே கிடையாது. அதனால் பாட்டு எழுத நினைத்தவர்கள், சீன எழுத்தின் பொருளைத் தள்ளிவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 8-ஆம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷு என்ற தொகையில் சுமார் 4,500 பாடல்கள் இருக்கின்றன. அதில் பாதி பொருளாக, பாதி ஓசையாக, எழுத்துகள் கலந்து கிடக்கும்.

ஓசைக்காக எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் பத்துக் கோடு போட்டு எழுதப் பொறுமை இருக்குமா? கை ஓடியது. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து குழைந்தன. ஓர் எழுத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். சீனத்தில் ‘அமைதி’ என்ற எழுத்து, மேலே ஒரு கூரை, கீழே ஒரு பெண். ஓசை ‘அன்’. அதை வேகமாக எழுத எழுத, கூரை வெறும் கோடாகச் சுருங்கியது. பெண் ஒரு சுழியாக வளைந்தாள். அதுதான் ஜப்பானியத்தின் ‘அ’. இன்றைக்கும் அந்த நாட்டுக் குழந்தைகள் படிக்கிற அட்டவணையில் முதல் எழுத்து அது. கூரைக்குக் கீழே இருக்கிற பெண்ணை அவர்கள் தினமும் எழுதுகிறார்கள்.

இப்படி வந்த எழுத்துக்குப் பெயர் ‘கனா’. தமிழில் கனா என்றால் கனவு. அங்கே அதற்குக் ‘கடன் எழுத்து’, ‘தற்காலிக எழுத்து’ என்பது போன்ற பொருள். சீன எழுத்துக்குப் பெயர் ‘மனா’, மெய்யான எழுத்து. பெயரிலேயே மதிப்பு தெரிகிறது, இல்லையா? அரசாணையும் சட்டமும் வரலாறும் மெய்யெழுத்தில். அதைப் படிப்பது ஆணின் வேலை. கடன் எழுத்துக்கு ‘ஒன்னதெ’ என்று இன்னொரு பெயரும் உண்டு. பெண் கை என்று பொருள்.

ஆண்கள் கனா எழுதவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காதல் கடிதத்தையும் பாட்டையும் அதில்தான் எழுதினார்கள். 905-இல் பேரரசரின் கட்டளைப்படி ஜப்பானியப் பாடல்களைத் தொகுத்தபோது, அதற்கு ஒரு முன்னுரை கனாவிலும் இன்னொன்று சீனத்திலும் எழுதினார்கள். கனா முன்னுரையை எழுதியவர் கி நோ ட்சுராயுகி. இந்த மனிதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர் தோசா என்ற மாகாணத்துக்கு ஆளுநராகப் போனார். பதவிக்காலம் முடிந்து 935-இல் கடல் வழியாகத் தலைநகரம் திரும்பினார். அந்தப் பயணத்தை ஒரு நாட்குறிப்பாக எழுதினார், ஆனால் தம் பெயரில் எழுதவில்லை. ஆண்கள் எழுதுவதாகச் சொல்லும் நாட்குறிப்பைப் பெண்ணாகிய நானும் எழுதிப் பார்க்கிறேன் என்று, ஒரு பெண் பேசுவதாகத் தொடங்கினார்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தோசாவில் இருந்தபோது அவருடைய சிறு மகள் இறந்துபோனாள். தலைநகரத்தில் பிறந்த குழந்தை, கூடத் திரும்பி வரவில்லை. நாட்குறிப்பு முழுக்க அந்தத் துக்கம் வந்துகொண்டே இருக்கிறது. இறங்குகிற துறையில், பொறுக்குகிற கிளிஞ்சலில், கடைசியில் பாழடைந்து கிடக்கிற சொந்த வீட்டு வாசலில். மெய்யெழுத்தில் ஓர் அதிகாரி மழை பெய்ததை எழுதலாம், சடங்கு நடந்ததை எழுதலாம். மகளுக்காக அழ அவருக்குத் தாய்மொழி வேண்டியிருந்தது. தாய்மொழி அப்போது பெண்களின் எழுத்தில் இருந்தது.

அடுத்த நூறு ஆண்டுகளில் பெண்களே வந்துவிட்டார்கள். இன்றைய கியோட்டோதான் அன்றைய தலைநகரம், பெயர் ஹெய்ஆன். 794-இல் அமைந்தது. அங்கே ஃபுஜிவாரா குடும்பத்துப் பெரியவர்கள் தங்கள் பெண்களைப் பேரரசருக்கு மணமுடித்து, பேரப்பிள்ளைகள் வழியாக நாட்டை ஆண்டார்கள். மகளின் மாளிகையில் பேச்சும் பாட்டும் கலகலப்பாக இருந்தால்தான் பேரரசர் அங்கே வருவார். அதற்காகப் படித்த பெண்களைத் தேடித் தேடித் தோழியராக வைத்தார்கள். அரசியல் கணக்குத்தான். ஆனால் அதில் விளைந்தது இலக்கியம்.

முராசாகி ஷிகிபு அப்படி வந்தவர். சிறுமியாக இருந்தபோது, தம்பிக்கோ அண்ணனுக்கோ அப்பா சீன நூல்களைச் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டே கற்றுக்கொண்டார். பையன் தடுமாறுகிற இடம் இவருக்குச் சட்டென்று புரியும். ‘இவள் ஆணாகப் பிறக்காமல் போனாளே’ என்று அப்பா வருந்துவாராம். இதை அவரே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். பெண் சீனம் படித்தால் ஊர் பேசும் என்று, ‘ஒன்று’ என்ற ஒற்றைக்கோட்டு எழுத்தைக்கூடத் தெரியாத மாதிரி நடந்துகொண்டாராம். பேரரசி ஷோஷிக்குச் சீனக் கவிதை சொல்லிக்கொடுத்ததுகூட, மற்றவர்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

கெஞ்சி என்ற இளவரசனைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கதைதான் ‘கெஞ்சியின் கதை’, 54 அத்தியாயம். 1008-ஆம் ஆண்டு வாக்கில் அதற்கு அழகான படி ஒன்று தயாரான காட்சியும் அவர் குறிப்பில் இருக்கிறது. பேரரசிக்குக் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, நல்ல குளிர். விடிந்ததும் பேரரசிக்கு எதிரே உட்கார்ந்து, வண்ண வண்ணத் தாள்களைத் தேர்ந்தெடுத்து, எழுத்து அழகாக உள்ளவர்களுக்கு மூலத்தோடு அனுப்புகிறார்கள். வந்த படிகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். இந்தக் குளிரில் பிள்ளை பெற்றவள் செய்கிற வேலையா இது என்று பேரரசியின் தந்தை மிச்சினாகா கடிந்துகொள்கிறார், ஆனாலும் நல்ல தாளும் தூரிகையும் மையும் அவரே கொண்டுவந்து தருகிறார். அப்புறம் முராசாகி இல்லாத நேரத்தில் அவர் அறையில் நுழைந்து, அங்கே வைத்திருந்த ஒரு படியைத் தேடி எடுத்துத் தம் இளைய மகளுக்குக் கொடுத்துவிடுகிறார். திருத்தாத படி வெளியே போய்விட்டதே, தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று முராசாகி தவிக்கிறார். எழுதுகிறவர் யாருக்கும் இந்தத் தவிப்பு புரியும்.

அந்த மிச்சினாகாவும் நாட்குறிப்பு எழுதினார். நாட்காட்டிச் சுருளில், சீனத்தில், பிழைகளோடு. அவர் கைப்பட எழுதியது இன்றும் இருக்கிறது. நாட்டையே கையில் வைத்திருந்தவர், மதிப்புள்ள ஆவணம், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டு கழித்து மனிதர்கள் உட்கார்ந்து விரும்பிப் படிப்பது எது?

ஒன்று மனத்தை உறுத்துகிறது. முராசாகி ஷிகிபு என்பது அவர் பெயர் இல்லை. ஷிகிபு என்பது அப்பா வேலை பார்த்த துறையின் பெயர். முராசாகி, கதையில் வருகிற ஒரு பெண்ணின் பெயர். செய் ஷோனாகொன் என்ற இன்னொரு பெரிய எழுத்தாளரின் பெயரிலும் பாதி குடும்பப் பெயர், பாதி ஒரு பதவிப் பெயர். கணவனுக்காகக் காத்துக் காத்துக் கசந்த 20 ஆண்டு வாழ்க்கையை எழுதிய ஒருவரை உலகம் ‘மிச்சிட்சுனாவின் தாய்’ என்றுதான் அறியும். வீட்டில் இவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது ஏட்டில் இல்லை.

இன்னொரு பெண்ணோடு முடிக்கிறேன். சுகவாரா நோ தகாசுயெ என்ற அதிகாரியின் மகள். இவர் பெயரும் ஏட்டில் இல்லை. கிழக்கே தொலைதூர மாகாணத்தில் வளர்ந்தவள். அக்காவும் சின்னம்மாவும் கெஞ்சியின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லக் கேட்டு ஏங்கினாள். தன் உயரத்துக்கு ஒரு புத்தர் சிலை செய்யவைத்து, சீக்கிரம் தலைநகரம் போக வேண்டும், இருக்கிற கதையெல்லாம் படிக்க வேண்டும் என்று ஆள் இல்லாத நேரம் விழுந்து வேண்டினாள். 1020-இல் குடும்பம் புறப்பட்டது. சிலையைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. வண்டி ஏறும்போது திரும்பிப் பார்த்து அழுதாள்.

தலைநகரம் வந்த பிறகு, அத்தை முறையுள்ள ஒருவர், ‘உனக்கு என்னடி கொடுப்பது, உபயோகமான சாமான் கொடுத்தால் உனக்குப் பிடிக்காதே’ என்று சொல்லி, ஐம்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களையும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். பதினான்கு வயதுப் பெண். திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பகல் முழுக்கப் படித்தாள். இரவில் கண் விழித்திருக்கும் வரை விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். பேரரசி பதவிகூட இதற்கு ஈடாகுமா என்று எழுதியிருக்கிறாள்.

அந்த நாளில் அவளுக்கு ஒரு கனவு வந்தது. மஞ்சள் உடுத்திய அழகான துறவி ஒருவர் வந்து, தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் ஐந்தாம் சுருளைச் சீக்கிரம் படி என்றார். பெண்ணும் புத்தநிலை அடைவாள் என்று, நாகராஜன் மகளின் கதை வழியாகச் சொல்கிற சுருள் அது. கனவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சூத்திரத்தைப் படிக்கவும் இல்லை. அவள் மனம் முழுக்கக் கதையிலேயே இருந்தது.

வணக்கம்.