லீவுல பிள்ளைக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க

வணக்கம். லீவு விட்டு ஒரு வாரம் ஆச்சு. இந்த ஒரு வாரத்துல என்கிட்ட திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான்: "எம்பிள்ளை புத்தகத்தையே தொட மாட்டேங்குது, என்ன பண்றது?"

பிள்ளை படிக்கலைன்னா நீங்க படிங்க. சத்தமா, பக்கத்துல உக்காந்து, பிள்ளை காதுல விழற மாதிரி படிங்க. "அவன்தான் மூணாவது முடிச்சுட்டானே, அவனே படிப்பானே, நான் எதுக்குப் படிச்சுக் காட்டணும்"னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். என் பொண்ணுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததுமே நான் படிச்சுக் காட்டறதை நிறுத்திட்டேன். அது தப்புன்னு புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

நாம வீட்டுல பேசுற தமிழ் வேற, புத்தகத்துத் தமிழ் வேற. வீட்டுல "வந்துச்சு"ன்னு சொல்றோம், புத்தகத்துல "வந்தது". வீட்டுல "அவங்ககிட்ட", புத்தகத்துல "அவர்களிடம்". நமக்குப் பழகிப் போச்சு, அதனால வித்தியாசமே தெரியறதில்லை. ஆனா ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு "ஆயினும்", "அவ்வாறே", "எனவே" எல்லாம் வீட்டுல யார் வாயிலிருந்தும் கேட்டே இராத சொல்லுங்க. எழுத்தைக் கூட்டிடும். கூட்டி முடிச்சா வர்ற சத்தம் காதுக்குப் புதுசு. அதைத் தெரிஞ்ச எதோடயும் சேர்க்க முடியலை. ஒரு பக்கத்துல பத்து இடத்துல இப்படி நின்னா, அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடாம என்ன செய்யும்? அதைப் போய் சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க.

1988-ல டொனால்ட் ஹேய்ஸ், மார்கரெட் அரென்ஸ்னு ரெண்டு பேர் ஆங்கிலத்துல ஒரு கணக்கெடுத்தாங்க. ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அபூர்வமான சொல் வருதுன்னு எண்ணிப் பார்த்தாங்க. கல்லூரி படிச்ச பெரியவங்க தங்களுக்குள்ள பேசிக்கிறப்ப சுமார் 17. குழந்தைங்க புத்தகத்துல சுமார் 31. அதாவது நாம எவ்வளவு படிச்சவங்களா இருந்தாலும், நம்ம பேச்சு மட்டும் பிள்ளைக்குப் போதாது. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிக்கிற தமிழுக்கு இது இன்னும் பொருந்தும்னு நான் நினைக்கிறேன்.

போன லீவுல நடந்ததைச் சொல்றேன். பொண்ணு ஒரு கதை படிச்சுட்டு இருந்தா. "அவன் உள்ளே செல்லத் தயங்கினான்"னு ஒரு வரி. நான் உடனே, "தயங்கினான்னா என்ன, சொல்லு பாப்போம்"னேன். அவ முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. "தெரியாது"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. கதைக்குள்ள இருந்த பிள்ளையை நான் பரீட்சை ஹாலுக்கு இழுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் அதே பக்கத்தை நான் படிச்சேன். அந்த வரி வந்ததும் எழுந்து போய் வாசப்படியில நின்னேன். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. கையைக் கதவுல வைக்கறேன், எடுக்கறேன். ஒண்ணும் விளக்கலை, "தயங்கினான்"னு மட்டும் சொல்லிட்டு வந்து உக்காந்து அடுத்த வரிக்குப் போயிட்டேன். நாலு நாள் கழிச்சு, புதுசா ஒரு பிள்ளையோட விளையாடப் போகச் சொன்னப்ப, "எனக்குத் தயக்கமா இருக்கும்மா"ன்னா. தயங்கினான்தான் அவ கேட்டது. தயக்கம்கிற சொல்லை அவளே பண்ணிக்கிட்டா! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்காக ஒரு நாளைக்குப் பத்து சொல்லு, நோட்டுல எழுதி மனப்பாடம்னு ஆரம்பிச்சிடாதீங்க. எனக்கு அதுல நம்பிக்கையே இல்லை. ஒரு கதைக்கு ரெண்டு சொல்லு நடிச்சுக் காட்டினாலே நிறைய. மத்ததெல்லாம் ஓடட்டும், பல தடவை காதுல விழுந்துதான் ஒரு சொல்லு ஒட்டும்.

சின்னப் பிள்ளைங்க அதே கதையையே திரும்பக் கேக்கறாங்கன்னு சலிச்சுக்காதீங்க. 2011-ல இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல 3 வயசுப் பிள்ளைங்களை வச்சுப் பார்த்தாங்க. ஒரு கூட்டத்துக்கு அதே கதைகளைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்க, இன்னொரு கூட்டத்துக்கு வேற வேற கதை. புதுச் சொல்லுங்க ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் காதுல விழுந்துச்சு. ஆனா அதே கதையைக் கேட்ட பிள்ளைங்கதான் சொல்லை நல்லா பிடிச்சுக்கிட்டாங்க. கதை தெரிஞ்சு போச்சுன்னா கவனம் சொல்லு மேல போகுது, அவ்வளவுதான்.

புத்தகம் கையில இல்லாத நேரமும் இருக்கு. நடக்கப் போறப்ப கீழ கிடக்கிற இலையை எடுங்க. தமிழ்ல இலையோட ஒவ்வொரு வயசுக்கும் ஒரு பேர் இருக்கு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பொண்ணு இந்த அஞ்சையும் தேடிப் பொறுக்கி, தரையில வரிசையா வச்சா. சருகை உள்ளங்கையில வச்சு நசுக்கி, அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, "இதுக்கு இந்தப் பேர்தான்மா சரி"ன்னா. அடுத்த நாள் பூவுக்குப் போனோம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். ஏழு இருக்கு. வாடிப்போன பூவுக்குச் செம்மல்னு இவ்வளவு அழகா ஒரு பேரான்னு அவளுக்கு ஆச்சரியம். அலரும் முகையும் எனக்கே குழம்பும், ரெண்டு பேரும் சேர்ந்து அகராதியைப் புரட்டினோம். அம்மாவும் தேடுறான்னு பிள்ளை பாக்கறது நல்லதுதான்.

எந்தப் புத்தகம்னு கேப்பீங்க. பிள்ளையே எடுக்கட்டும். படக்கதையா, துணுக்கா, டைனோசரா, எதுவா இருந்தாலும் சரி. அமெரிக்காவுல ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவினர், வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு மூணு கோடை லீவும், லீவுக்கு 12 புத்தகம்னு, பிள்ளைங்களே தேர்ந்தெடுத்ததைக் கொடுத்தாங்க. அந்தப் பிள்ளைங்களோட வாசிப்பு, புத்தகம் கிடைக்காத பிள்ளைங்களைவிட முன்னேறியிருந்துச்சு. 2010-ல வெளியான ஆய்வு அது. உங்களுக்குப் பிடிச்சதை அவங்க கையில திணிக்காதீங்க.

நேரம்னா எங்க வீட்டுல ராத்திரி இருபது நிமிஷம், போனெல்லாம் வேற அறையில. முக்கியமா, அத்தியாயம் முடியற இடத்துல நான் நிறுத்த மாட்டேன். நடுவுல, விஷயம் சூடா இருக்கிற இடத்துல நிறுத்திடுவேன். நேத்து, கிணத்துக்குள்ள யாரோ கூப்பிடற சத்தம் கேக்குது, அந்த இடத்துல பக்கத்தைக் குறிக்கிற அட்டையை வச்சுப் புத்தகத்தை மூடினேன். "அம்மா, ஒரே ஒரு பக்கம்"னு கெஞ்சினா. விளக்கை அணைச்சுட்டேன்.

காலையில பாக்கறேன், அந்த அட்டை ஆறு பக்கம் தள்ளி இருக்கு.