கயிறு யார் கையில்? ‘ரிஃப்ரெயின்’ என்ற வினைச்சொல்

வணக்கம் நேயர்களே. வைத்தியசாலை விடுதியிலும் வங்கியிலும் நூலகத்திலும் சுவரில் ஒட்டியிருக்கும் ஆங்கில அறிவித்தல் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘ப்ளீஸ் ரிஃப்ரெயின் ஃப்ரொம் யூசிங் மொபைல் ஃபோன்ஸ்.’ தமிழில் அதை ‘கைப்பேசி பாவிப்பதைத் தவிர்க்கவும்’ என்று எழுதுவோம். கருத்து சரிதான். ஆனால் அந்தத் தமிழை மனதில் வைத்துக்கொண்டு திரும்பவும் ஆங்கிலம் எழுதும்போதுதான் பிள்ளைகளுக்குப் பிழை வருகிறது. அது ஏன் வருகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

ரிஃப்ரெயின் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் கடிவாளத்தைக் குறிக்கும் ‘ஃப்ரேனும்’ என்ற சொல். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. வண்டில் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கும். ஆனால் இந்தச் சொல்லில் இழுப்பவரும் இழுபடுபவரும் ஒரே ஆள். ஒருவர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டால் மட்டுமே ரிஃப்ரெயின். முன்னொரு காலத்தில் ‘நாவை ரிஃப்ரெயின் செய்’ என்று செயப்படுபொருள் சேர்த்தும் எழுதினார்கள். அந்த வழக்கு இன்று அற்றுப்போய்விட்டது.

ஆகவே ‘பொலிஸார் அவரை ரிஃப்ரெயின் பண்ணினார்கள்’ என்ற பொருளில் எழுத முடியாது. மற்றவர் பிடித்து நிறுத்தினால் அது ரிஸ்ட்ரெயின். நடக்கவிடாமல் தடுத்தால் ப்ரிவென்ட். இதே காரணத்தால் ரிஃப்ரெயினுக்குச் செயப்பாட்டு வினையும் இல்லை. ‘ஸ்மோக்கிங் இஸ் ரிஃப்ரெயின்ட் ஹியர்’ என்று பலகையில் எழுதினால் பிழை. ‘ப்ரொஹிபிட்டட்’ என்றுதான் வர வேண்டும். இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் தடுத்த இடத்தில் ரிஃப்ரெயின் என்று எழுதினால், தடை வெறும் வேண்டுகோளாக இறங்கிவிடும். அங்கே ‘நோ ஸ்மோக்கிங்’ என்ற இரண்டு சொற்களே போதும்.

இனி வாக்கிய அமைப்பு. ரிஃப்ரெயின், அடுத்து ஃப்ரொம், அடுத்து ‘இங்’ சேர்ந்த வினை. ‘ஹி ரிஃப்ரெயின்ட் ஃப்ரொம் ஸ்பீக்கிங்.’ ‘ரிஃப்ரெயின் டு ஸ்பீக்’ பிழை. ஃப்ரொம்மை விட்டுவிட்டு ‘ரிஃப்ரெயின் ஸ்பீக்கிங்’ என்பதும் பிழை. பிள்ளைகள் அதிகம் விடுவது இந்த ஃப்ரொம்மைத்தான். தமிழில் ‘பேசுவதைத் தவிர்’ என்று இரண்டாம் வேற்றுமை வருகிறது. ‘பேசுவதிலிருந்து’ என்று நாங்கள் சொல்வதில்லை. அந்த ‘ஐ’ உருபு மனதில் இருப்பதால் ஃப்ரொம் கைதவறிப் போகிறது.

உண்மையில் ரிஃப்ரெயினுக்கு மிக நெருங்கிய தமிழ் ‘தவிர்’ அல்ல, ‘பேசாமல் இரு’ என்பதுதான் என் எண்ணம். தவிர் என்பது அவொய்ட் பக்கம் சாய்ந்த சொல். டெங்குவை அவொய்ட் பண்ணலாம், பாலத்தடி நெரிசலை அவொய்ட் பண்ணலாம். இரண்டையும் ரிஃப்ரெயின் பண்ண முடியாது, அவை நம்முடைய செயல்கள் அல்லவே. ஆனால் ‘பேசாமல் இரு’ என்று விளங்கிக்கொள்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘பேசாமல்’ என்பதிலேயே எதிர்மறை உண்டு. அதை அப்படியே கொண்டுபோய் ‘ரிஃப்ரெயின் ஃப்ரொம் நொட் ஸ்பீக்கிங்’ என்று எழுதினால், ‘பேசாமல் இருக்காதே’ என்று பொருள் தலைகீழாகிவிடும். ரிஃப்ரெயினுக்குள் ‘இல்லை’ ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இன்னொரு நொட் வேண்டாம்.

உறவுச் சொற்கள் இரண்டையும் தொட்டுவிடுகிறேன். காத்தான்குடியில் நோன்பு பிடிப்பவர் விடிய முன்னிருந்து பொழுது படும்வரை உணவும் நீரும் விலக்குகிறார். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர் மச்சம் மாமிசம் விலக்குகிறார். இப்படி ஒரு கொள்கைக்காக, விரதத்துக்காக விலக்குவது அப்ஸ்டெயின். சபையில் வாக்களிக்காமல் ‘நடுநிலை வகித்தார்’ என்று செய்தியில் சொல்வதும் இதுவே. ரிஃப்ரெயின் பெரும்பாலும் அந்த நேரத்து அடக்கம்: வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது போல. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்தால் வித்ஹோல்ட். பரீட்சைப் பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டால் ‘வித்ஹெல்ட்’. எழுதும்போது நடுவில் எச் எழுத்து இரண்டு தடவை வரும். ஒன்றை விடுவது வழமையான பிழை.

‘குட் நொட் ரிஃப்ரெயின் ஃப்ரொம் லாஃபிங்’ என்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று பொருள். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு, ‘ஃப்ரெயின்’ என்பதற்கு. ‘ரிபிரேன்’ என்று நடுவில் இகரம் நுழைய விடாதீர்கள்.

ஆங்கிலக் கவிதைப் பாடத்தில் ‘த ரிஃப்ரெயின்’ என்று வந்தால் மட்டும் குழம்ப வேண்டாம். அது வேறு வேரிலிருந்து, ‘முறித்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அடி, எங்கள் பல்லவி மாதிரி.