காலையில் வீங்கும் முகம்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் எழுந்ததும் முகம் உப்பியிருக்கும். வெயில் ஏறியதும் வற்றிவிடும். கருவாட்டு உப்பு, கடல் காற்று என்று நம் கரையோர ஊர்களில் பலர் நாளைக் கடத்துகிறார்கள். ஆனால் கிழிந்த வலையைச் சரிசெய்யவோ பாசி காயப்போடவோ குனிந்தால் தலை கனக்கிறது, சட்டைக் கழுத்து இறுகுகிறது, நெஞ்சில் நரம்பு புடைக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பாதை மேற்பெருஞ்சிரை. அதன் சுவர் மெல்லியது. நுரையீரல் புற்றோ நிணநீர்ப் புற்றோ அருகில் வளர்ந்தால் எளிதில் நசுங்கிவிடும். இரத்தம் மேலேயே தேங்கும்.

இதற்குத்தான் ஸ்டென்ட், அதாவது நசுங்கிய பாதையை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய். இதயத் தமனியில் வைப்பது சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். இங்கே வைப்பது பெரும்பாலும் 12 முதல் 16 மில்லிமீட்டர். தொடையிடுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே அடைப்பைக் கடப்பார்கள். நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகத்தால் பின்னிய குழாய் உள்ளே தானே விரியும். பலருக்குத் தலைக்கனம் உடனே குறைகிறது. முகவீக்கம் ஓரிரு நாளில் இறங்குகிறது. இரத்தக்கசிவு, மறுபடி அடைப்பு போன்ற ஆபத்துகளும் உண்டு.

எல்லாருக்கும் இது முதல் சிகிச்சை அல்ல. மருந்துக்கு விரைவில் சுருங்கும் புற்றுகள் உண்டு. அதனால் எந்தப் புற்று என்று கண்டறியும் சதைப் பரிசோதனை (பயாப்சி) முக்கியம்.

"நோய் தீராது என்றால் இது எதற்கு டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கும். ஸ்டென்ட் புற்றைக் கரைக்காது, உண்மைதான். ஆனால் மூச்சு முட்டி, விடியும்வரை சுவரில் சாய்ந்தே கிடப்பவர் கால் நீட்டித் தூங்குவது எவ்வளவு பெரிய காரியம்! சோறு இறங்கும். அடுத்த சிகிச்சையைத் தாங்கத் தெம்பு வரும்.

மூச்சில் கீச்சொலி, குழப்பம், அரைமயக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மதுரைவரை போக நேர்ந்தாலும் நோயாளியைத் தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள். தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். கையிலிருந்து திரும்பும் இரத்தமும் தேங்கியிருக்கும் என்பதால், கையில் குளுக்கோஸ் ஏற்ற வரும் செவிலியரிடம், முகமும் கையும் வீங்கிய விவரத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.