மின்சாரம் போனால் மீன் தொட்டி வழியுமா?

[காட்சி: குன்னூரில் ஒரு வீடு. சன்னலுக்கு வெளியே மழை. சுவரோரம் கடல்மீன் தொட்டி, அதன் கீழ் அலமாரிக்குள் சம்ப், அதாவது கீழ்த்தொட்டி.]

வணக்கம். ஐப்பசி பிறந்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எங்காவது ஒரு கற்பூர மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்துவிடும். மற்ற வீடுகளில் மெழுகுவத்தியைத் தேடுவார்கள். கடல்மீன் வளர்க்கும் வீட்டில் தரைத்துணியைத் தேடுவார்கள். அந்தத் துணிக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

மேல் தொட்டி நீர், அதிலுள்ள தடுப்பின் விளிம்பைத் தாண்டி, குழாய் வழியே சம்ப்புக்கு இறங்குகிறது. பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. மின்சாரம் போனால் ஏற்றம் உடனே நிற்கும், இறக்கம் நிற்காது. விளிம்புக்கு மேல் நிற்கும் நீர் முழுவதும் கீழே வரும். நீரை மேலே விடும் குழாயின் வாய் மூழ்கியிருந்தால் அதுவும் சைஃபனாகி, அதாவது பம்ப் இல்லாமலே நீரை இழுக்கும் குழாயாகி, வாய் வெளியே தெரியும்வரை பின்னோக்கி உறிஞ்சும்.

[காட்சி: தொட்டியின் மேல் அளவுகோல்.]

நீளம் 120, அகலம் 45 செ.மீ. உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 5.4 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் இறங்கும். சம்ப்பில் 15 லிட்டருக்குத்தான் இடம் என்றால் மீதி 12 லிட்டர் உப்புநீர் தரைக்கு. பழைய பங்களாவின் பலகைத் தரையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டி உயர்த்துங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போட்டால், நீர் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளையைப் பாசி அடைக்கும். அவ்வப்போது குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வு போதாதா என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு நத்தைக் குஞ்சு மாட்டினாலே அது முழுதாக மூடாது.

[காட்சி: சம்ப்பின் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடும் கை.]

இனி சோதனை. பம்ப்பை நிறுத்துங்கள். இறக்கம் அடங்கியபின் சம்ப்பின் நீர், அதன் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நிற்கும்படி சரிசெய்யுங்கள். பம்ப்பைப் போட்டு, மட்டம் நிலைத்ததும் சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் கோடு போடுங்கள். அதற்குமேல் ஒரு சொம்பு நீர்கூட ஊற்றக் கூடாது.

மின்சாரம் திரும்பி வரும் நேரமும் ஆபத்தானதுதான். தொட்டியின் விளிம்பில் மாட்டி, சைஃபனால் நீரை இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் காற்று புகுந்திருந்தால் இறக்கம் தொடங்காது; பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். பம்ப் அறையிலுள்ள நீர் முழுவதும் மேலே போனாலும் தொட்டி தாங்க வேண்டும். அடிக்கடி மின்சாரம் போகும் மலையில், இறங்குகுழாய்க்கென்று துளையிட்ட தொட்டியையே வாங்கச் சொல்வேன், அவசரத்துக்கு இரண்டாவது இறங்குகுழாயோடு.

குளிரில் நீர் வற்றாது என்று நினைக்க வேண்டாம். மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும்போது ஹீட்டர் நீரை 25 டிகிரியில் வைத்திருக்கும். அறைக் காற்றோ குளிர்ந்து வறண்டிருக்கும். அப்போது வேகமாக வற்றும். மேல் தொட்டியின் மட்டம் மாறாது, பம்ப் அறையில்தான் குறையும். வற்றுவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். 200 லிட்டரில் 20 லிட்டர் வற்றினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 39 ஆகிவிடும். ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள்.

இதற்குத் தானியங்கிக் கருவி வைத்தால், உப்புப் பூத்து மிதவை சுவிட்ச் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே அதன் நன்னீர் வாளி, சம்ப்பின் காலியிடத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். அதன் குழாய் நுனி நீரில் படக் கூடாது.

[காட்சி: மின்சாரப் பலகையும் தொங்கும் வயர்களும்.]

வயர்கள் பிளக்குக்கு நேரே போகாமல் ஒரு வளைவு தாழ்ந்து ஏறட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.